பூட் தொடக்க ஃபங்ஷன்களில் ஸ்டாக் கேனரியை அணைப்பது: எந்த வழி, எப்போது?

பூட் தொடக்கத்தில் ஓடும் ஒரு சி ஃபங்ஷனில் சின்ன மாற்றம் செய்கிறீர்கள். 16 பைட்டில் ஒரு எழுத்து வரிசை சேர்க்கிறீர்கள், அவ்வளவுதான். கம்பைல் ஆகிறது, எச்சரிக்கை எதுவும் இல்லை, ஆனால் போர்டில் ஏற்றினால் சீரியலில் ஒரு எழுத்துகூட வருவதில்லை. தேடிப் பார்த்தால் யாரோ "ஸ்டாக் ப்ரொடெக்டரை அணைத்துவிடு" என்கிறார்கள். ஸ்டாக் கெட்டுவிட்டதா என்று கேனரி என்ற எண்ணை வைத்துச் சோதிக்கும் கம்பைலர் காவல்தான் அது. சரி, எதற்கு அணைப்பது? முழு லினக்ஸ் கெர்னலுக்குமா, அந்த ஒரு ஃபைலுக்கா, அந்த ஒரு ஃபங்ஷனுக்கா? இல்லை, அணைக்கவே வேண்டாம், கேனரியை முன்கூட்டியே தயார் செய்துவிடலாமா?

இந்த இடத்தில் நின்று விழிப்பவர்கள் பலர். எனக்கும் இரண்டு நாள் இப்படிப் போயிருக்கிறது. அன்று தவறான வழியைப் பிடித்தேன், போர்டு பூட் ஆனது, அதனால் சரி என்று விட்டுவிட்டேன். பிறகு கம்பைலரை மாற்றியதும் அதே சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

## முதலில், வந்திருப்பது எந்த நோய்?

கேனரி வேலை செய்யும் விதம் எளிது. ஃபங்ஷனுக்குள் நுழைந்ததும் ஓர் இரகசிய எண்ணை எங்கிருந்தோ படித்து, லோக்கல் மாறிகளுக்கும் ரிட்டர்ன் அட்ரஸுக்கும் நடுவே வைக்கிறது கம்பைலர். வெளியேறும் முன் அதே இடத்திலிருந்து எண்ணை மறுபடி படித்து ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் 'ஸ்டாக் சிஎச்கே ஃபெயில்' என்ற ஃபங்ஷன் அழைக்கப்படும், கெர்னல் பேனிக் ஆகும், அதாவது செய்தி காட்டிவிட்டு நின்றுவிடும்.

அந்த "எங்கிருந்தோ"தான் பூட் தொடக்கத்தில் பிரச்சினை. எக்ஸ்86-64-இல் நெடுங்காலம் அது ஜிஎஸ் ரெஜிஸ்டரிலிருந்து 40 பைட் தள்ளி இருந்தது, பழைய ஜிசிசி கம்பைலர் அந்த இடத்தை மாற்றவே விடாது. 6.15 கெர்னலில்தான் அது சாதாரண பெர்-சிபியு மாறியாக மாறியது. ஆர்ம்64-இல் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் தனிக் கேனரி வைத்தால், நடப்பு டாஸ்க்கைச் சுட்டும் எஸ்பி_இஎல்0 ரெஜிஸ்டர் வழியாகப் படிக்கிறது. 64-பிட் பவர்பிசியில் ஆர்13, ரிஸ்க்-விக்கு டிபி. இந்த ரெஜிஸ்டரில் சரியான முகவரி ஏறுவதற்கு முன்பே கேனரி உள்ள சி ஃபங்ஷன் ஓடினால் என்ன ஆகும்? நுழைவிலேயே குப்பை முகவரியைப் படிக்கப் போய் விழும். பேனிக் செய்திகூட வராது, ஏனென்றால் செய்தி காட்டும் ஏற்பாடே இன்னும் எழுந்திருக்கவில்லை. இது முதல் நோய்: படிக்கும் இடம் தயாராக இல்லை.

இரண்டாவது நோய் வேறு: ஃபங்ஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேனரியின் மதிப்பு மாறுகிறது. 'ஸ்டார்ட் கெர்னல்' ஃபங்ஷனுக்குள்தான் கேனரிக்குத் தற்செயல் மதிப்பு போடப்படுகிறது. நுழையும்போது பழைய எண், வெளியேறும்போது புதிய எண். ஸ்டாக் பத்திரமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சோதனை தோற்கும். பல சமயம் பேனிக் செய்தி வரும், 'கெர்னல் ஸ்டாக் கெட்டுவிட்டது' என்று ஃபங்ஷன் பெயரோடு. அது பொய் அலாரம்.

இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான வழியைத் தேர்கிறார்கள். ஒரு நோய்க்கான மருந்து மற்றதற்கு வேலை செய்யாமல் போகலாம், அல்லது வேலை செய்வதுபோலத் தோற்றம் காட்டலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எந்த ஃபங்ஷனுக்குக் கேனரி வரும் என்பது உங்கள் கையில் இல்லை. சாதாரண நிலையில் 8 பைட் அல்லது அதற்கு மேற்பட்ட எழுத்து வரிசை இருந்தால் வரும். 'ஸ்ட்ராங்' நிலையில், அதாவது ஜிசிசி 4.9-இல் வந்து இன்று பரவலாக இயக்கப்படும் நிலையில், எந்த வகை லோக்கல் வரிசை இருந்தாலும், ஒரு லோக்கல் மாறியின் முகவரியை எடுத்தாலும் வந்துவிடும். கெர்னலின் கட்டமைப்பு உதவிக் குறிப்புப்படி எக்ஸ்86 இயல்புக் கட்டமைப்பில் சாதாரண நிலை சுமார் 3% ஃபங்ஷன்களையும், ஸ்ட்ராங் நிலை சுமார் 20% ஃபங்ஷன்களையும் தொடுகிறது. அதனால் இத்தனை நாள் ஒழுங்காக ஓடிய தொடக்க ஃபங்ஷனில் ஒரு வரிசையைச் சேர்த்தாலோ, கம்பைலர் ஒரு சின்ன ஃபங்ஷனை அதற்குள் இன்லைன் செய்தாலோ (அழைக்காமல் அங்கேயே விரித்தாலோ), திடீரென்று கேனரி முளைக்கும். "நேற்றுவரை ஓடியதே" என்பது எந்த ஆதாரமும் ஆகாது.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பவை இவை. எந்த நோயைத் தீர்க்கிறது. பூட் முடிந்த பிறகும் ஓடும் எவ்வளவு குறியீடு பாதுகாப்பை இழக்கிறது. எந்தக் கம்பைலர் பதிப்பு வேண்டும், பழைய பதிப்பில் சத்தமாகத் தோற்குமா, ஓசையில்லாமல் தோற்குமா. இன்லைனும் எல்டிஓவும் (லிங்க் செய்யும்போது எல்லா ஃபைல்களையும் சேர்த்து மேம்படுத்துவதும்) இதைக் குலைக்குமா. கடைசியாக, ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதே ஃபைலில் கை வைத்தால் தானாகவே சரியாக இருக்குமா, அவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டுமா. என் கணக்கில் கடைசியானதற்கே எடை அதிகம்.

பாதுகாப்பு இழப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கேனரிக்குத் தற்செயல் மதிப்பு ஏறுவதற்கு முன் அது பெரும்பாலும் பூஜ்ஜியம், அல்லது எல்லோருக்கும் தெரிந்த ஒரு எண். தெரிந்த எண்ணை வைத்துத் தாக்குபவரைத் தடுக்க முடியாது. ஆகவே அந்தக் கட்டத்தில் மட்டுமே ஓடும் குறியீட்டில் அணைப்பதால் இழப்பது குறைவு. ஆனால் "மட்டுமே" என்ற சொல்லைக் கவனியுங்கள். தொடக்கத்திலும் ஓடி, பிறகும் ஓடும் பொது ஃபங்ஷன்களில் கணக்கு மாறுகிறது.

## வழி 1: முழுக் கெர்னலுக்கும் அணைப்பது

நோயைக் கண்டறிய மட்டும். கட்டமைப்பில் ஸ்டாக் ப்ரொடெக்டரை அணைத்துக் கட்டிப் பார்த்து, போர்டு எழுந்தால் சந்தேகம் உறுதி. பிறகு உடனே பழையபடி வைத்துவிடுங்கள். ஒரு சில தொடக்க ஃபங்ஷன்களுக்காக நெட்வொர்க், ஃபைல் சிஸ்டம், டிரைவர்கள் எல்லாவற்றின் காவலையும் எடுத்துவிட்டு வெளியிடுவதை என்னால் எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க முடியாது.

## வழி 2: ஃபைல் அளவில், மேக்ஃபைலில் அணைப்பது

அந்த ஒரு ஆப்ஜெக்ட் ஃபைலுக்கான சிஃபிளாக்ஸ் வரியில் 'நோ ஸ்டாக் ப்ரொடெக்டர்' ஃபிளாக்கைச் சேர்ப்பது. முரண்படும் ஃபிளாக்குகளில் கடைசியாக வருவதே செல்லும் என்பதால் பொது ஃபிளாக்கை இது மீறிவிடும். எந்தப் பழைய கம்பைலரிலும் வேலை செய்யும். பெரிய வசதி அதுதான்.

கெர்னலே இதைப் பல இடங்களில் செய்கிறது. எக்ஸ்86-இல் தூக்கத்திலிருந்து எழும்போது ஜிஎஸ்ஸை மீட்கும் ஃபைல் இப்படித்தான் கட்டப்படுகிறது, ஏனென்றால் ஜிஎஸ்ஸை மீட்கும் ஃபங்ஷனே ஜிஎஸ்ஸை நம்பிக் கேனரி படித்தால் விழுந்துவிடும். விர்ச்சுவல் முகவரியை இயற்பியல் முகவரியாக மாற்றும் ஃபைலுக்கும் இதே ஏற்பாடு. இஎஃப்ஐ ஸ்டப், சுருக்கத்தைப் பிரிக்கும் பகுதி, ஆர்ம்64-இல் முகவரி சாராமல் ஓடும் 'பிஐ' டைரக்டரி, எக்ஸ்86-இல் அண்மையில் வந்த 'ஸ்டார்ட்அப்' டைரக்டரி ஆகியவற்றில் டைரக்டரி முழுவதற்குமே அணைத்திருக்கிறார்கள்.

அந்த ஆர்ம்64 ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. அங்குள்ள எல்லாச் சிம்பல்களுக்கும் முன்னால் ஒரு தனி முன்னொட்டு ஒட்டிவிடுகிறார்கள். தவறிப்போய் யாராவது கேனரியைக் கொண்டுவந்தால் அந்த முன்னொட்டோடு 'ஸ்டாக் சிஎச்கே ஃபெயில்' எங்கும் கிடைக்காது, லிங்க் செய்யும்போதே தோற்கும். போர்டில் ஏற்றி மௌனத்தைப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. முதலாவது, ஃபைலில் பத்து ஃபங்ஷன் இருந்து அதில் ஒன்றுதான் தொடக்கத்தில் ஓடுகிறது என்றால் மற்ற ஒன்பதும் காரணமே இல்லாமல் காவலை இழக்கின்றன. நாளை யாரோ அதே ஃபைலில் பயனர் தரவைத் தொடும் ஒரு ஃபங்ஷனை எழுதினால் அதற்கும் காவல் இருக்காது, அவருக்கு அது தெரியவும் தெரியாது. இதற்குத் தீர்வு, தொடக்க ஃபங்ஷன்களைத் தனி ஃபைலுக்குப் பிரித்துவிடுவது.

இரண்டாவது, எல்டிஓ. ஃபைல் எல்லையைத் தாண்டி இன்லைன் நடக்கும்போது, காவல் இல்லாத ஃபைலின் ஃபங்ஷன் காவல் உள்ள ஃபங்ஷனுக்குள் கரைந்துவிடலாம். கரைந்தால் கேனரி சூழ்ந்துகொள்ளும். மேலே சொன்ன ஜிஎஸ் மீட்பு ஃபங்ஷனுக்குக் கிளாங் கம்பைலரின் எல்டிஓவில் இதுவே நடந்து, தூக்கத்திலிருந்து எழ முடியாமல் போன வரலாறு இருக்கிறது. அதன்பின் கிளாங் தரப்பில் இப்படிப் பொருந்தாத இன்லைனைத் தடுக்கும் மாற்றம் வந்தது.

## வழி 3: ஃபங்ஷன் அளவில், அட்ரிபியூட்டால் அணைப்பது

ஃபங்ஷனின் தலையில் 'நோ ஸ்டாக் ப்ரொடெக்டர்' அட்ரிபியூட்டை ஒட்டுவது. கிளாங்கில் இது 7-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது, ஜிசிசியில் 2021-இல் வந்த 11-ஆம் பதிப்பில்தான் வந்தது. இரண்டாவது நோய்க்கு இதுவே சரியான மருந்து: எந்த ஃபங்ஷனுக்குள் மதிப்பு மாறுகிறதோ அதற்கு மட்டும் அணைக்கிறீர்கள், காரணமும் குறியீட்டிலேயே கண்ணில் படும்படி நிற்கிறது. 'ஸ்டார்ட் கெர்னல்' ஃபங்ஷனில் இன்று இதுதான் இருக்கிறது.

இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கதையைக் கேட்டால், மற்ற வழிகள் ஏன் சறுக்குகின்றன என்பது புரியும். 2020-இல் ஜிசிசி 10-ஐக் கொண்டு கட்டிய எக்ஸ்86 கெர்னல் இரண்டாவது சிபியுவை எழுப்பும்போதே பேனிக் ஆனது. அந்த சிபியுவின் தொடக்க ஃபங்ஷன் நடுவில் கேனரியை அமைத்துவிட்டு, கடைசியில் திரும்பியே வராத ஓர் ஐடில் ஃபங்ஷனை அழைக்கிறது. திரும்பி வரப்போவதில்லை என்பதால் சோதனை ஓடவே ஓடாது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஜிசிசி 10 அந்தக் கடைசி அழைப்பை ஒரு வெறும் தாவலாக மாற்றியது. தாவும் முன் ஸ்டாக்கைக் காலி செய்ய வேண்டுமே, அப்போது கேனரியைச் சோதித்தது. மதிப்பு மாறியிருந்தது. பேனிக். கெர்னல் குறியீட்டில் யாரும் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

முதலில் முயன்றது 'ஆப்டிமைஸ்' அட்ரிபியூட்டுக்குள் ஃபிளாக்கைத் திணிப்பதை. அதைத் தொடாதீர்கள் என்று அடித்துச் சொல்வேன். ஜிசிசி ஆவணமே அது பிழைதேடலுக்கு மட்டும், உற்பத்திக் குறியீட்டுக்கு உகந்தது அல்ல என்கிறது. ஒரு ஃபிளாக்கை மாற்றுவதாக நினைத்தால், கட்டளை வரியில் கொடுத்த மற்ற ஃபிளாக்குகளும் அந்த ஃபங்ஷனுக்கு உதிர்ந்துபோகலாம். கிளாங்குக்கு அது தெரியவே தெரியாது. கடைசியில் மூன்றாவது முயற்சியாகத்தான் கீழே வரும் வழி 4 உள்ளே போனது. அட்ரிபியூட் பிறகு வந்தது.

இதன் மறைமுகச் செலவுகளில் முக்கியமானது: அட்ரிபியூட் அழைக்கப்படும் ஃபங்ஷன்களுக்குப் பரவாது. முதல் நோய்க்கு இதைப் பயன்படுத்தினால் மேல் ஃபங்ஷனுக்கு மட்டும் ஒட்டிவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள், அது அழைக்கும் உதவி ஃபங்ஷனில் கேனரி காத்திருக்கும். ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போக வேண்டும், புதிதாக ஒன்று சேர்ப்பவரும் ஒட்ட வேண்டும். நான் அந்த இரண்டு நாளில் செய்த தவறு இதுதான்.

அடுத்தது பழைய கம்பைலர். ஜிசிசி 11-க்கு முன்னால் இந்த அட்ரிபியூட் கிடையாது, கெர்னலின் மேக்ரோ அப்போது வெறுமையாக விரியும். எச்சரிக்கை இல்லை, பிழை இல்லை, காவலும் அணையவில்லை. நீங்கள் ஆதரிக்கும் பட்டியலில் ஜிசிசி 8 முதல் 10 வரை ஏதாவது இருந்தால் இதை மட்டும் நம்ப முடியாது.

இன்லைன் விஷயத்தில் எந்தக் கம்பைலர் எந்தப் பதிப்பில் எப்படி நடந்துகொள்கிறது என்பது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால் அட்ரிபியூட் ஒட்டும் இடத்தில் 'நோஇன்லைன்' குறியையும் சேர்த்துவிடுவது என் பழக்கம்.

## வழி 4: கடைசி அழைப்பைத் தடுப்பால் கட்டுவது

ஃபங்ஷனின் இறுதியில், திரும்பி வராத அழைப்புக்குப் பின்னால், ஒரு மெமரி பேரியரை (மெமரி செயல்களின் வரிசையைக் காக்கும் கட்டளையை) வைப்பது. அதற்குப் பின்னும் வேலை இருப்பதாகக் கம்பைலர் எண்ணி அழைப்பைத் தாவலாக மாற்றாது, சோதனையும் முன்கூட்டி ஓடாது. 2020-இல் 5.7 கெர்னலில் போன தீர்வு இதுவே. வெறும் காலி அசெம்ப்ளி வரி போதாது, கம்பைலர் அதையும் கடந்து போகும் வாய்ப்பு உண்டு என்று நினைத்துத்தான் உண்மையான பேரியரைப் போட்டார்கள்.

இரண்டாவது நோய்க்கு மட்டுமே, அதுவும் பழைய கம்பைலருக்குத் துணையாக மட்டுமே. 'ஸ்டார்ட் கெர்னல்' இன்றும் அட்ரிபியூட் இல்லாத கம்பைலரில் மட்டும் இந்தப் பேரியரை வைத்துக்கொள்கிறது, அந்தக் கலவை எனக்குச் சரியாகப் படுகிறது. தனியே இதை நம்பினால், கம்பைலர் சோதனையை எங்கே வைக்கும் என்ற யூகத்தின்மேல் நிற்கிறீர்கள். கிளாங்கில் ஒரு கட்டத்தில் திரும்பி வராத ஃபங்ஷனை அழைப்பதற்கு முன்பே கேனரியைச் சோதிக்கும் மாற்றம் வந்தபோது அந்த யூகமும் ஆட்டம் கண்டது.

## வழி 5: அணைக்காமல், இடத்தை முன்கூட்டியே தயார் செய்வது

சி குறியீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அசெம்ப்ளியில் அந்த ரெஜிஸ்டரை நிரப்பிவிடுவது. எக்ஸ்86-64-இன் தொடக்க அசெம்ப்ளி முதல் சி அழைப்புக்கு முன்னரே ஜிஎஸ் அடிமுகவரியை எழுதிவிடுகிறது. கேனரி அப்போது பூஜ்ஜியம்தான், ஆனால் படிக்க முடிகிற பூஜ்ஜியம். நுழையும்போதும் பூஜ்ஜியம், வெளியேறும்போதும் பூஜ்ஜியம், சோதனை தேறும்.

முதல் நோய்க்கு அழகான தீர்வு இதுவே. பிறகு சி எழுதுபவர் எதையும் ஞாபகம் வைக்க வேண்டாம், எத்தனை வரிசை வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஆனால் செலவு அசெம்ப்ளியில் இருக்கிறது: ஒவ்வொரு ஆர்க்கிடெக்சருக்கும் தனியாக எழுத வேண்டும், அதிலும் ஒவ்வொரு நுழைவாயிலுக்கும் எழுத வேண்டும். முதல் சிபியு, மற்ற சிபியுக்கள், தூக்கத்திலிருந்து எழுவது, மெய்நிகர் இயந்திரத்தின் தனி நுழைவு. ஒன்றை மறந்தால் அந்தப் பாதை மட்டும் விழும், பெரும்பாலும் நீங்கள் சோதித்துப் பார்க்காத பாதையாகத்தான் அது இருக்கும். இரண்டாவது நோயை இது தொடுவதே இல்லை. விர்ச்சுவல் முகவரிக்கு மாறும் முன் ஓடும் குறியீட்டுக்கும் எப்போதும் ஒத்துவராது, ஏனென்றால் அந்த நேரத்தில் எந்த முகவரியை ஏற்றினால் செல்லும் என்பதே கேள்வி.

## ஒரே பார்வையில்

| வழி | இடம் தயாரில்லை | மதிப்பு மாறுகிறது | பழைய கம்பைலர் | பின்னால் வரும் செலவு |
|---|---|---|---|---|
| முழுவதும் அணைப்பது | தீரும் | தீரும் | எதுவும் சரி | எல்லாக் காவலும் போகிறது |
| ஃபைல் அளவில் | தீரும், உதவி ஃபங்ஷன்களும் அதே ஃபைலில் இருந்தால் | தீரும் | எதுவும் சரி | மற்ற ஃபங்ஷன்களும் இழக்கின்றன, எல்டிஓ கவனம் |
| அட்ரிபியூட் | ஒவ்வொன்றாக ஒட்டினால் மட்டும் | தீரும் | ஜிசிசி 11, கிளாங் 7 முதல் | ஓசையில்லாமல் செயலிழக்கலாம் |
| கடைசியில் பேரியர் | தீராது | பெரும்பாலும் தீரும் | எதுவும் சரி | கம்பைலர் யூகத்தில் நிற்கிறது |
| முன்கூட்டியே தயார் செய்வது | தீரும் | தீராது | எதுவும் சரி | ஒவ்வொரு நுழைவிலும் அசெம்ப்ளி |

## எதை எடுப்பது

மதிப்பு நடுவில் மாறும் ஓரிரு ஃபங்ஷன்கள்தான் என்றால் அட்ரிபியூட். பழைய ஜிசிசியும் வேண்டுமென்றால் கூடவே பேரியர். யோசிக்க ஒன்றுமில்லை.

ரெஜிஸ்டரோ முகவரியோ தயாராகாத கட்டம் என்றால், முதலில் அசெம்ப்ளியில் இரண்டு வரி சேர்த்து அதைத் தீர்க்க முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் அதுவே. முடியாவிட்டால் அந்தக் கட்டத்தில் ஓடும் எல்லாவற்றையும் ஒரு தனி ஃபைலுக்கோ டைரக்டரிக்கோ நகர்த்தி, அங்கே மொத்தமாக அணையுங்கள். சின்ன எல்லையே எப்போதும் நல்லது என்று நினைத்து ஃபங்ஷன் ஃபங்ஷனாக ஒட்டிக்கொண்டு போகத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் இந்தக் கட்டத்தில் கேனரி மட்டும் பிரச்சினை இல்லை. காசான், கேகவ், எஃப்டிரேஸ் போன்ற மற்ற கம்பைலர் கருவிகளும் இதே காரணத்துக்காக அங்கே வேலை செய்யாது, அவற்றையும் ஃபைல் அளவில்தான் அணைக்கப் போகிறீர்கள். எப்படியும் பிரிக்க வேண்டிய ஃபைல், ஒரேயடியாகப் பிரித்துவிடுவது நல்லது.

தொடக்கத்திலும் பிறகும் ஓடும் பொது உதவி ஃபங்ஷன் நடுவில் வந்தால்? அது சின்னதாக, வரிசை எதுவும் இல்லாததாக இருந்தால் அணைத்துவிடலாம், அதில் காவலுக்குப் பெரிதாக வேலை இல்லை. வெளியிலிருந்து வரும் தரவை அலசும் ஃபங்ஷனாக இருந்தால் அணைக்காதீர்கள். தொடக்கத்துக்கென்று ஒரு தனிப் பிரதியைக் கட்டிக்கொள்ளுங்கள். ஆர்ம்64-இன் பிஐ டைரக்டரி டிவைஸ் ட்ரீ படிக்கும் நூலகத்தை அப்படித்தான் இரண்டாவது முறை கட்டுகிறது.

எந்த வழி எடுத்தாலும் கம்பைலர் என்ன செய்தது என்பதைக் கண்ணால் பாருங்கள். ஆப்ஜெக்ட் ஃபைலின் சிம்பல் பட்டியலில் 'ஸ்டாக் சிஎச்கே ஃபெயில்' இருந்தால் உள்ளே ஏதோ ஒரு ஃபங்ஷனில் கேனரி இருக்கிறது. எதில் என்று ஆப்ஜ்டம்ப் கருவி சொல்லும். இதை ஜிசிசியிலும் கிளாங்கிலும், எல்டிஓ போட்டால் கடைசி விஎம்லினக்ஸ் ஃபைலிலும் பார்க்க வேண்டும். அப்புறம், பூட் ஆன கெர்னலில் எல்கேடிடிஎம் தொகுதியின் 'கரப்ட் ஸ்டாக்' சோதனையை ஓட்டுங்கள். அது வேண்டுமென்றே ஸ்டாக்கைக் கெடுக்கும், 'கெர்னல் ஸ்டாக் கெட்டுவிட்டது' என்ற செய்தியோடு கெர்னல் பேனிக் ஆக வேண்டும். ஆகாவிட்டால், தொடக்கத்தில் மட்டும் அணைப்பதாக நினைத்து நீங்கள் போட்ட ஃபிளாக் அதைத் தாண்டி எங்கேயோ போயிருக்கிறது.